எடைக் குறைப்பு ஆபரேஷன் செய்தும் மீண்டும் ஏறும் எடை: காரணம் என்ன, எப்போது டாக்டரைப் பார்க்க வேண்டும்?

முதல் வருடம் எல்லாமே நன்றாகத்தான் போகும். ஆபரேஷன் முடிந்த இரண்டாவது மாதமே பழைய சட்டைகள் தொளதொளவென்று ஆகிவிடும். சர்க்கரை மாத்திரை குறையும். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்காது. ஆபீஸில் எல்லோரும், "எப்படிங்க இவ்ளோ குறைச்சீங்க?" என்று கேட்பார்கள்.

மூன்றாவது வருடத்தில் ஒருநாள் எடை மெஷின் 2 கிலோ கூடுதலாகக் காட்டும். "தண்ணி எடையா இருக்கும்" என்று விட்டுவிடுவார்கள். ஆறு மாதம் கழித்து அது 5 கிலோ ஆகும். அதன் பிறகு பலர் மெஷினில் ஏறுவதையே நிறுத்திவிடுகிறார்கள். மருத்துவமனையில் இருந்து ஃபாலோ-அப் செக்கப்புக்கு போன் வந்தால், "ஊர்ல இல்லீங்க, அடுத்த மாசம் வர்றேன்" என்ற பதில்தான். கல்யாண வீட்டில் யாராவது ஒரு அத்தை, "என்னம்மா, அவ்ளோ லட்சம் செலவு பண்ணி ஆபரேஷன் பண்ணியும் திரும்ப சதை போட்டுட்டியே" என்று கேட்டுவிட்டால், அன்று பந்தியில் உட்காரவே மனசு வராது.

உடல் பருமனுக்கான அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களுக்கு இது பழக்கமான கதை. மருத்துவ ரீதியாகப் பார்த்தால், இந்தக் கதையில் எடை ஏறியது அவ்வளவு பெரிய ஆச்சரியம் இல்லை. ஃபாலோ-அப்புக்குப் போகாமல் விட்டதுதான் பெரிய ஆபத்து. ஏன் என்று பார்ப்போம்.

ஆபரேஷன் உடம்புக்குள் என்ன செய்கிறது?

இப்போது அதிகம் செய்யப்படுபவை இரண்டு வகை. ஒன்று 'ஸ்லீவ்'. இதில் இரைப்பையின் சுமார் 75 முதல் 80 சதவீதத்தை வெட்டி எடுத்துவிடுவார்கள். மீதி இருப்பது வாழைப்பழம் போல நீளமான ஒரு குழாய். இன்னொன்று 'பைபாஸ்'. இரைப்பையின் மேல் பகுதியில், சுமார் 30 மில்லி அளவுக்கு மட்டும் ஒரு சின்னப் பையை உருவாக்கி, அதை நேரடியாகச் சிறுகுடலோடு இணைப்பார்கள். சாப்பாடு பழைய இரைப்பை வழியாகவும், சிறுகுடலின் ஆரம்பப் பகுதி வழியாகவும் போகாமல் தாண்டிப் போகும்.

'வயிறு சின்னதாகிறது, அதனால் கொஞ்சமாகச் சாப்பிடுகிறோம், அதனால் எடை குறைகிறது' என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அது பாதிக் கதைதான். மீதிப் பாதி ஹார்மோன் சமாச்சாரம். பசியைத் தூண்டும் 'கிரெலின்' என்ற ஹார்மோன் பெரும்பாலும் இரைப்பையின் மேல் பகுதியில் சுரக்கிறது. ஸ்லீவ் ஆபரேஷனில் அந்தப் பகுதியே போய்விடுவதால் பசி அடங்குகிறது. சாப்பாடு வேகமாகக் குடலுக்குப் போவதால், 'போதும்' என்று மூளைக்குச் சொல்லும் ஜி.எல்.பி-1, பி.ஒய்.ஒய் போன்ற ஹார்மோன்கள் அதிகம் சுரக்கின்றன. ஆபரேஷன் ஆனவர்கள் முதல் சில மாதங்களில், "எனக்குப் பசியே எடுக்கல" என்று சொல்வதற்குக் காரணம் இதுதான். அது மனக் கட்டுப்பாடு கிடையாது. உடம்பில் சுரக்கும் ரசாயனம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான்.

இதை ஒப்புக்கொண்டால் இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். பசி அடங்கியதற்கு நம் மன உறுதி காரணம் இல்லை என்றால், சில வருடம் கழித்து அந்தப் பசி திரும்பி வருவதற்கும் மன உறுதி மட்டுமே காரணமாக இருக்க முடியாது.

எவ்வளவு எடை திரும்புவது சகஜம்?

இதற்குப் பதில் சொல்ல நல்ல தரவுகள் இருக்கின்றன. ஸ்வீடனில் 1987-ல் தொடங்கிய எஸ்.ஓ.எஸ் ஆய்வு, ஆபரேஷன் செய்துகொண்ட சுமார் 2,000 பேரையும், செய்துகொள்ளாத அதே அளவு பேரையும் பல வருடம் தொடர்ந்து கவனித்தது. பைபாஸ் செய்தவர்கள் முதல் இரண்டு வருடத்துக்குள் தங்கள் எடையில் சராசரியாக 32 சதவீதத்தைக் குறைத்திருந்தார்கள். பத்தாவது வருடத்தில் அது 25 சதவீதமாக இருந்தது. அதாவது, கொஞ்சம் திரும்பியிருந்தது. ஆனால் பெரும்பகுதி திரும்பவில்லை.

அமெரிக்காவில் பைபாஸ் செய்துகொண்ட 1,406 பேரை வைத்து 2018-ல் வெளியான ஓர் ஆய்வு இதை இன்னும் நெருக்கமாகப் பார்த்தது. அவர்களில் நடுவில் இருப்பவரை எடுத்துக்கொண்டால், ஆரம்ப எடையில் சுமார் 37 சதவீதம் குறைந்திருந்தது. மிகக் குறைந்த எடையைத் தொட்டது சுமார் இரண்டாவது வருடத்தில். அதற்குப் பிறகான ஐந்து வருடங்களில், குறைத்த எடையில் சுமார் 27 சதவீதம் திரும்பியிருந்தது.

சதவீதமாகச் சொன்னால் புரியாது. 120 கிலோ இருந்த ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். ஆபரேஷனுக்குப் பிறகு 45 கிலோ குறைந்து 75-க்கு வருகிறார். அதன் பிறகு மெல்ல மெல்ல 12 கிலோ ஏறி 87 ஆகிறார். கண்ணாடி முன்னால் நிற்கும்போது அவருக்குத் தெரிவது அந்த 12 கிலோ மட்டும்தான். தொடங்கிய இடத்தைவிட 33 கிலோ குறைவாக இருப்பது கண்ணில் படாது. அத்தைக்கும் படாது.

இந்த ஆய்வில் கவனிக்க வேண்டிய இன்னொரு விஷயம், எடை திரும்பும் வேகம் அதிகமாக இருந்தது மிகக் குறைந்த எடையைத் தொட்டதற்கு அடுத்த ஒரு வருடத்தில்தான். "எல்லாம் செட் ஆயிடுச்சு, இனிமே செக்கப் எதுக்கு?" என்று பலர் நினைக்கும் அதே வருடம்.

சமூக வலைதளங்களில் வரும் 'பிஃபோர் - ஆஃப்டர்' போட்டோக்களை இந்த இடத்தில் ஞாபகப்படுத்திக்கொள்வது நல்லது. ஆஃப்டர் போட்டோ பெரும்பாலும் ஒன்று, ஒன்றரை வருடத்தில், எடை அடிமட்டத்தில் இருக்கும்போது எடுக்கப்படுவது. ஆறாவது வருடப் போட்டோவை எந்த விளம்பரத்திலும் பார்க்க முடியாது. அந்த ஒரு போட்டோவோடு தன்னை ஒப்பிட்டுக்கொண்டு, "நான்தான் தோத்துட்டேன்" என்று நினைப்பவர்கள் ஏராளம்.

ஏன் திரும்புகிறது?

ஒரே காரணம் கிடையாது. முதல் காரணம், உடம்பு தன் பழைய எடையை அவ்வளவு சீக்கிரம் மறப்பதில்லை. 'தி பிக்கஸ்ட் லூசர்' என்ற அமெரிக்க டி.வி ஷோவில் டயட், உடற்பயிற்சி மூலம் எடை குறைத்த 14 பேரை ஆறு வருடம் கழித்துச் சோதித்தார்கள். சராசரியாக 58 கிலோ குறைத்தவர்களுக்கு, அதில் 41 கிலோ திரும்பியிருந்தது. ஓய்வாக இருக்கும்போது அவர்கள் உடம்பு எரிக்கும் கலோரி, அந்த எடைக்கு எதிர்பார்ப்பதைவிட ஒரு நாளைக்குச் சுமார் 500 குறைவாக இருந்தது. 2016-ல் வெளியான முடிவு இது.

அவர்கள் ஆபரேஷன் செய்தவர்கள் அல்ல. அதனால் அதே கணக்கை இங்கே அப்படியே பொருத்த முடியாது. ஆனால் ஒரு விஷயம் எல்லோருக்கும் பொது. 120 கிலோ உடம்பை ஓட்டத் தேவைப்பட்ட பெட்ரோல், 75 கிலோ உடம்புக்குத் தேவையில்லை. பழைய அளவில் பாதி சாப்பிட்டாலும் அது புது உடம்புக்கு அதிகமாக இருக்கலாம். "நான் கொஞ்சமாத்தான் சாப்பிடுறேன், ஆனா ஏறுதே" என்று சொல்பவர் பொய் சொல்கிறார் என்று அர்த்தமில்லை.

இரண்டாவது, வயிறு. மிச்சமிருக்கும் இரைப்பை காலப்போக்கில் ஓரளவு விரியும். பைபாஸில் பையும் குடலும் சேரும் வாய் அகலமாகலாம். முதல் வருடம் இரண்டு இட்லியிலேயே நிறைந்தவருக்கு, நான்காவது வருடம் மூன்றும் கெட்டிச் சட்னியும் இறங்கும். இதில் கொஞ்சம் இயல்பானது. அளவுக்கு மீறி விரிந்திருக்கிறதா என்பதை எண்டோஸ்கோபியோ, மருந்து குடிக்க வைத்து எடுக்கும் எக்ஸ்ரேயோ பார்த்துத்தான் சொல்ல முடியும்.

மூன்றாவது காரணம் நம் சாப்பாட்டுத் தட்டு. இதைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்க வேண்டும்.

சிக்கன் அடைக்கும், மிக்சர் வழுக்கும்

ஆபரேஷன் ஆன வயிற்றுக்கு ஒரு வினோதமான குணம் உண்டு. உடம்புக்கு நல்லதான சாப்பாட்டை அது கஷ்டப்படுத்தும். ஆகாததைச் சுலபமாக உள்ளே விடும்.

நன்றாக வெந்த சிக்கன் துண்டு, முட்டை, பனீர் எல்லாம் மெதுவாக மென்று தின்றாலும் நாலு வாயில் 'கும்'மென்று நிறைந்துவிடும். அவசரமாக விழுங்கினால் நெஞ்சில் அடைத்துக்கொள்ளும். அதனாலேயே பலர் அவற்றைத் தவிர்க்க ஆரம்பிக்கிறார்கள். மிக்சர், முறுக்கு, சிப்ஸ், பிஸ்கெட் எல்லாம் வாயிலேயே கரைந்துவிடும். ஐஸ்க்ரீம் வழுக்கிக்கொண்டு போகும். குழையப் பிசைந்த ரசம் சாதம் நிற்காமல் இறங்கும். பாக்கெட் ஜூஸ், மில்க் ஷேக், சர்க்கரை போட்ட காபிக்கு வயிற்றில் இடமே தேவையில்லை. ஒரே நேரத்தில் நிறையச் சாப்பிட முடியாதுதான். ஆனால் லேப்டாப் பக்கத்தில் ஒரு மிக்சர் டப்பாவை வைத்துக்கொண்டு மதியம் 3 மணி முதல் 7 மணி வரை கொறிப்பதை எந்த ஆபரேஷனும் தடுக்காது.

எடை திரும்பியவர்களின் உணவுக் குறிப்பை எடுத்துப் பார்த்தால், மூன்று வேளைச் சாப்பாட்டில் பெரிய பிரச்சினை இருக்காது. பிரச்சினை இடைவேளைகளில்தான் இருக்கும். ஐ.டி வேலை, நைட் ஷிஃப்ட், இரவு 11 மணிக்கு ஆப்பில் ஆர்டர் என்று ஓடுபவர்களுக்கு 'இடைவேளை' என்பதே நாள் முழுக்கத்தான்.

இன்னொரு பழக்கம், சாப்பிடும்போதே தண்ணீர் குடிப்பது. தண்ணீரோடு சேர்ந்து சாப்பாடு சீக்கிரம் இறங்கிவிடும், நிறைவு நிற்காது. சாப்பாட்டோடு குடிக்காமல், சாப்பிட்டு அரை மணி நேரம் கழித்துக் குடிக்கச் சொல்வது இதனால்தான். ஆபரேஷன் ஆன புதிதில் எல்லோரும் இதைச் சரியாகச் செய்வார்கள். வருடம் போகப் போக மறந்துவிடும்.

புரதம்தான் இங்கே முக்கியமான ஆள். ஆபரேஷனுக்குப் பிறகு ஒரு நாளைக்குக் குறைந்தது 60 கிராம் புரதம் தேவை என்பது பொதுவான கணக்கு. கேட்க எளிதாக இருக்கும். ஒரு முட்டையில் சுமார் 6 கிராம். ஒரு டம்ளர் பாலில் 6, 7 கிராம். 100 கிராம் பனீரில் சுமார் 18 கிராம். வேகவைத்த கொண்டைக்கடலைச் சுண்டல் 100 கிராமில் 8, 9 கிராம். இரண்டு இட்லியில் 4 கிராம் தேறினாலே அதிகம். அதாவது காலையில் இட்லி, மதியம் சாம்பார் சாதம், இரவு தோசை என்று போகும் ஒரு நாளில், அதுவும் சைவமாக இருந்தால், 60-ஐத் தொடுவது ரொம்பக் கஷ்டம். தட்டில் முதலில் சுண்டல், பனீர், முட்டை, மீன் என்று புரதத்தைச் சாப்பிட்டுவிட்டு, பிறகு காய், கடைசியில் இடமிருந்தால் சாதம் என்று வரிசையை மாற்றச் சொல்கிறார்கள் டயட்டீஷியன்கள். நம் வீடுகளில் சாதம்தான் முதலில் வந்து விழும், பொரியல் ஓரத்தில் இருக்கும். அந்த வரிசை மாறினாலே பாதி வேலை முடிந்த மாதிரி.

பைபாஸ் செய்தவர்களில் சிலருக்கு இன்னொரு சிக்கல். இனிப்பாகவோ மாவுச்சத்து அதிகமாகவோ சாப்பிட்ட ஒன்று முதல் மூன்று மணி நேரத்துக்குள் ரத்தச் சர்க்கரை திடீரென்று இறங்கும். கை நடுங்கும், வியர்க்கும், ஏதாவது தின்றே ஆகவேண்டும் போலிருக்கும். உடனே ஒரு சாக்லேட். அது மறுபடி ஏற்றி இறக்கும். வெளியில் இருந்து பார்த்தால் 'வாய்க் கட்டுப்பாடு இல்லை' என்று தோன்றும். உண்மையில் இது சிகிச்சை தேவைப்படும் ஒரு மருத்துவப் பிரச்சினை.

மாத்திரையும் மனசும்

சாப்பாட்டை மட்டும் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தால் சில காரணங்கள் தப்பிவிடும். ஆஸ்துமா, மூட்டுவலிக்குச் சாப்பிடும் ஸ்டீராய்டு, சில மனநல மருந்துகள், இன்சுலின், சில சர்க்கரை மாத்திரைகள் எடையை ஏற்றக் கூடியவை. அதற்காக யாரும் தாங்களாகவே மருந்தை நிறுத்திவிடக் கூடாது. மாற்று மருந்து உண்டா என்று கேட்கலாம். தைராய்டு குறைபாடு, பிரசவம், மாதவிடாய் நிற்கும் காலம், தூக்கம் கெடுவது எல்லாமே கணக்கில் வரும்.

மது தனியாகச் சொல்லப்பட வேண்டிய விஷயம். குறிப்பாக பைபாஸ் ஆனவர்களுக்கு, பழைய அளவில் பாதி குடித்தாலே போதை சட்டென்று ஏறும். அமெரிக்காவில் 2012-ல் வெளியான ஓர் ஆய்வில், மது தொடர்பான பிரச்சினை உள்ளவர்கள் ஆபரேஷனுக்கு முன் 7.6 சதவீதமாக இருந்தது, இரண்டாவது வருடத்தில் 9.6 சதவீதமாகக் கூடியிருந்தது. மன வருத்தத்துக்குச் சாப்பாட்டைத் தேடிய ஒருவருக்கு அந்த வழி அடைபடும்போது, வருத்தம் வேறு வழியைத் தேடும். அதை ஆபரேஷன் தியேட்டரில் சரி செய்ய முடியாது.

பிரபலங்களுக்கும் இதே கதைதான்

அமெரிக்கப் பாடகி கார்னி வில்சன் 1999-ல் பைபாஸ் ஆபரேஷன் செய்துகொண்டார். அது இணையத்தில் நேரடியாக ஒளிபரப்பானது. அந்தக் காலத்தில் அது பெரிய சங்கதி. ஏராளமாக எடை குறைத்தார், உலகமே பார்த்தது. பின்னாளில் எடை திரும்பியது, அதையும் உலகமே பார்த்தது. 2012-ல் அவர் இரண்டாவதாக 'பேண்ட்' வைக்கும் ஆபரேஷன் செய்துகொண்டார். பணம், புகழ், டாக்டர்கள் என எல்லாம் இருந்தும் திரும்புகிறது என்றால், இதை ஒருவரின் சோம்பேறித்தனம் என்று சொல்வது நியாயமா?

பிரஷர் மாத்திரை சாப்பிடும் ஒருவருக்கு ஐந்து வருடம் கழித்து பி.பி மறுபடி ஏறினால், டாக்டர் மருந்தின் அளவை மாற்றுவார். "நீ தோத்துட்டே" என்று யாரும் சொல்வதில்லை. உடல் பருமனும் நாள்பட்ட நோய்தான் என்று மருத்துவ உலகம் சொல்லிப் பல வருடம் ஆகிறது. வீட்டில் இன்னும் அந்தச் செய்தி போய்ச் சேரவில்லை. சில மருத்துவமனைகளுக்கும் போய்ச் சேரவில்லை என்பதுதான் கசப்பு. திட்டு விழும் இடத்துக்கு யாரும் இரண்டாவது முறை போக மாட்டார்கள்.

போகாமல் விட்டால் என்ன ஆகும்?

எடை மட்டும்தான் பிரச்சினை என்றால் கொஞ்சம் தள்ளிப் போடலாம். அதைவிடப் பெரிய பிரச்சினை, வைட்டமின் மாத்திரைகள். செக்கப்பை நிறுத்துபவர்கள் பெரும்பாலும் மாத்திரையையும் நிறுத்திவிடுகிறார்கள். "எடைதான் ஏறிடுச்சே, சத்து குறைபாடு எப்படி வரும்?" என்று தோன்றும். வரும். குடலின் சத்து உறிஞ்சும் திறன் மாறியது மாறியதுதான். எடை ஏறினாலும் அது பழையபடி ஆகாது. பி12, இரும்புச்சத்து, வைட்டமின் டி, கால்சியம் குறைந்துகொண்டே போகும். முடி கொட்டுவது, அசதி, கை கால் மரத்துப்போவது, எலும்பு பலவீனம் என்று வருடக் கணக்கில் மெதுவாக வெளிப்படும். அதனால்தான் வருடம் ஒருமுறையாவது ரத்தப் பரிசோதனை, வாழ்நாள் முழுக்க.

தொடர்ந்து வாந்தி இருந்தால் காத்திருக்கவே கூடாது. சில வாரங்கள் எதுவும் தங்காமல் போனால் வைட்டமின் பி1 தீர்ந்து, மூளையும் நரம்புகளும் பாதிக்கப்படலாம். நடை தள்ளாடுவது, பார்வை இரட்டையாகத் தெரிவது, குழப்பம் எல்லாம் அதன் அறிகுறிகள். இது அவசர சிகிச்சைக்கான விஷயம்.

எத்தனை கிலோ ஏறினால் டாக்டரைப் பார்க்கலாம்?

உலகம் முழுக்க ஒப்புக்கொண்ட ஒரே வரையறை இல்லை. சிலர் குறைந்தபட்ச எடையில் இருந்து 10 கிலோ என்கிறார்கள். சிலர் குறைத்த எடையில் கால் பங்கு என்கிறார்கள். இவை ஆய்வாளர்கள் கணக்குப் போடுவதற்கான கோடுகள். அந்தக் கோட்டைத் தொடும் வரை காத்திருக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. வாரம் ஒருமுறை, ஒரே நாளில், ஒரே நேரத்தில் எடை பார்த்து போனில் குறித்துவைத்தால் போதும். இரண்டு மூன்று மாதமாக வரைபடம் மேல்நோக்கியே போனால், அது 3 கிலோவாக இருந்தாலும் அப்பாயின்ட்மென்ட் வாங்கலாம். 3 கிலோவில் பேசுவது சுலபம். 20 கிலோவில் எல்லோருக்கும் கஷ்டம்.

என்னென்ன சிகிச்சைகள் இருக்கின்றன?

முதல் கட்டம் எப்போதும் சாப்பாடு, நடை, தூக்கம், மனசு. யூடியூபில் '5 நாளில் வயிற்றை ரீசெட் செய்யுங்கள்' என்று நீராகார டயட் வீடியோக்கள் வலம் வருகின்றன. விரிந்த இரைப்பை ஐந்து நாள் சூப் குடித்தால் சுருங்கிவிடாது. அதற்கு ரீசெட் பட்டனே கிடையாது. எடை தூக்கும் பயிற்சி உண்மையிலேயே உதவும். காரணம், வேகமாக எடை குறையும்போது கொழுப்போடு தசையும் போயிருக்கும். தசையைத் திரும்பக் கட்டுவதற்கு நடைப்பயிற்சி மட்டும் போதாது.

அடுத்து மருந்து. கடந்த சில வருடங்களில் படம் மாறியிருப்பது இங்கேதான். ஆபரேஷனில் அதிகம் சுரக்கும் அதே ஜி.எல்.பி-1 ஹார்மோனைப் போல வேலை செய்யும் ஊசிகள் வந்திருக்கின்றன. ஆபரேஷனுக்குப் பிறகு போதுமான அளவு எடை குறையாத 70 பேரிடம் லண்டனில் ஓர் ஆய்வு நடந்தது. தினமும் போடும் லிராகுளுடைடு ஊசி பாதிப் பேருக்கு, வெறும் போலி ஊசி மீதிப் பேருக்கு. 24 வாரத்தில் மருந்து போட்டவர்கள் சுமார் 8.8 சதவீதம் குறைத்தார்கள், மற்றவர்கள் அரை சதவீதம்தான். வாரம் ஒருமுறை போடும் மவுஞ்சாரோ 2025 மார்ச்சிலும், வெகோவி அதே ஆண்டு ஜூனிலும் இந்தியாவுக்கு வந்துவிட்டன.

ஆனால் இரண்டு எச்சரிக்கை. ஒன்று, நிறுத்தினால் திரும்பும். வெகோவியில் இருக்கும் செமாகுளுடைடு மருந்தை வைத்து (இவர்கள் ஆபரேஷன் செய்யாதவர்கள்) நடந்த ஆய்வில், மருந்தை நிறுத்திய ஒரு வருடத்தில், குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பிவிட்டது. மாதாமாதம் ஆகும் செலவை இதை மனதில் வைத்துத்தான் யோசிக்க வேண்டும். இரண்டு, ஏற்கெனவே சின்ன வயிறு. அதற்கு மேல் பசியை அடக்கும் ஊசி. குமட்டல், வாந்தி வந்தால் புரதமும் வைட்டமினும் இன்னும் குறையும். நண்பர் போடுகிறார், தெரிந்த மெடிக்கலில் கிடைக்கிறது என்று போட்டுக்கொள்ளும் மருந்து இது அல்ல.

வாய் வழியாக எண்டோஸ்கோப்பை விட்டு, பைபாஸில் அகலமான வாயைத் தையல் போட்டோ வெப்பத்தால் சுருக்கியோ சரிசெய்யும் முறைகளும் உண்டு. வயிற்றில் துளை போடத் தேவையில்லை.

கடைசியாக, மறு ஆபரேஷன். ஸ்லீவை பைபாஸாக மாற்றுவது இதில் பரவலானது. எடைக்காக மட்டும் இதைச் செய்யும் முன் நிறைய யோசிக்க வேண்டும். முதல் ஆபரேஷனைவிட ரிஸ்க் அதிகம், பலனும் பொதுவாக முதல் முறை அளவுக்கு இருக்காது. ஆனால் ஸ்லீவ் செய்த பிறகு கடுமையான நெஞ்செரிச்சல் வந்தவர்களுக்கு இது நல்ல தீர்வாக அமையலாம். பின்லாந்தில் 240 பேரைப் பத்து வருடம் கவனித்த ஆய்வில், அமிலத்தால் உணவுக்குழாய் புண்ணானவர்கள் ஸ்லீவ் செய்தவர்களில் 31 சதவீதம், பைபாஸ் செய்தவர்களில் 7 சதவீதம். எடையோடு நெஞ்செரிச்சலும் சேர்ந்து வந்தால் எண்டோஸ்கோபியைத் தள்ளிப்போடக் கூடாது.

அப்படியென்றால் ஆபரேஷனே வேஸ்ட்டா?

இல்லை. முன்பு சொன்ன ஸ்வீடன் ஆய்வில், சராசரியாக 11 வருடக் கண்காணிப்பின் முடிவில், ஆபரேஷன் செய்தவர்களுக்கு மரண ஆபத்து 29 சதவீதம் குறைவாக இருந்தது. எடை கொஞ்சம் திரும்பியவர்களையும் சேர்த்துத்தான் இந்தக் கணக்கு.

தமிழ்நாட்டில் இது சின்ன விஷயமும் அல்ல. ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின்படி இங்கே பெண்களில் 40.4 சதவீதம், ஆண்களில் 37 சதவீதம் பேர் அதிக எடை அல்லது உடல் பருமன் உள்ளவர்கள். தேசிய அளவில் அது 24, 22.9 சதவீதம்தான். பி.எம்.ஐ 40-க்கு மேல், அல்லது 35-க்கு மேல் இருந்து கூடவே தீவிர இணை நோய்களும் இருந்தால், டாக்டர் பரிந்துரையின் பேரில் ஆபரேஷனுக்கு இன்ஷூரன்ஸ் கிடைக்க வழி இருக்கிறது. இனிமேல்தான் செய்துகொள்ளப் போகிறேன் என்பவர்கள், பேக்கேஜ் விலையைக் கேட்கும்போதே, "ஐந்தாவது வருஷம் எடை ஏறினா என்னை யார் பார்ப்பாங்க? டயட்டீஷியன், மனநல ஆலோசகர் இருக்காங்களா? அதுக்குத் தனிக் கட்டணமா?" என்றும் கேட்டுவிடுவது நல்லது. மறு ஆபரேஷனுக்கும் பாலிசி பொருந்துமா என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளலாம்.

ஏற்கெனவே செய்துகொண்டு, மூன்று நான்கு வருடமாகச் செக்கப் பக்கமே போகாதவர்கள் அதே டாக்டரிடம்தான் போக வேண்டும் என்றில்லை. சங்கடமாக இருந்தால் வேறு பேரியாட்ரிக் மருத்துவரையோ, உடல் பருமன் சிகிச்சை தெரிந்த எண்டோகிரைனாலஜிஸ்ட்டையோ பார்க்கலாம். போகும்போது ஆபரேஷன் குறிப்பு, டிஸ்சார்ஜ் சம்மரி, ஆபரேஷனுக்கு முந்தைய எடை, தொட்ட மிகக் குறைந்த எடை, இப்போது சாப்பிடும் எல்லா மாத்திரைகளின் பெயர், கடைசி ஒரு வாரம் சாப்பிட்டது, குடித்தது எல்லாவற்றையும் ஒளிக்காமல் எழுதிய ஒரு தாள் ஆகியவை கையில் இருந்தால் போதும். டிஸ்சார்ஜ் சம்மரி தொலைந்துபோயிருந்தால், ஆபரேஷன் நடந்த மருத்துவமனையின் மெடிக்கல் ரெக்கார்ட்ஸ் பிரிவில் எழுதிக் கொடுத்து நகல் கேட்கலாம். எந்த வகை ஆபரேஷன், எப்படிச் செய்தார்கள் என்பது தெரிந்தால்தான் புது டாக்டர் அடுத்த டெஸ்ட்டையே முடிவு செய்ய முடியும்.